சாய்ந்த அவரைப் பந்தல், ஐந்து சனிக்கிழமைகள்

2024 நவம்பர் 30. சனிக்கிழமை என்றால் காலை பத்து மணிக்குள் எங்கள் தெருமுனைக்குக் காய்ப் பைகள் வந்துவிடும். அன்று வரவில்லை. ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. பண்ணை அக்காவின் போன் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "நாங்க நல்லா இருக்கோம்மா. மாடு கன்னும் பத்திரம். பந்தல்தான் படுத்துடுச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

எங்கள் பண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வானூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் அக்காவும் அண்ணனும் மூன்று ஏக்கர் செம்மண் நிலத்தில் ரசாயனம் போடாமல் காய்கறி விளைவிக்கிறார்கள். புயலுக்கு முன் புதுச்சேரியிலும் திண்டிவனத்திலுமாக 34 குடும்பங்கள் அதில் பங்குக்காரர்கள். ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை என்று அரை வருடப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். வாரம் 350 ரூபாய், 26 வாரத்துக்கு 9,100 ரூபாய். விதை, எரு, ஆள்கூலி எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கும். வட்டிக்கு வாங்காமல் பட்டத்தை, அதாவது சாகுபடிப் பருவத்தை, தொடங்க முடிகிறது என்பார் அண்ணன். பதிலுக்கு, நிலத்தில் அந்த வாரம் என்ன வந்ததோ அது ஐந்தாறு கிலோவாகப் பையில் வரும். பங்குனி, சித்திரையில் சுரைக்காயும் வெள்ளரியும் கொத்தவரையும். மார்கழி, தையில் கத்தரி, முள்ளங்கி, அவரை, மொச்சை. ஐப்பசி மழையில் கீரை அழுகிவிடும் என்பதால் பை இளைத்துத்தான் வரும்.

ஒவ்வொரு குடும்பமும் பட்டத்துக்கு இரண்டு நாளாவது வந்து வேலை செய்ய வேண்டும் என்பதும் எங்கள் பேச்சு. உண்மையைச் சொன்னால், அதுவரை அந்த இரண்டு நாளையும் நாங்கள் பிள்ளைகளோடு போய்ப் பம்புசெட்டில் குளித்துவிட்டு, கொஞ்சம் களை பறித்துவிட்டு வரும் நாளாகவே வைத்திருந்தோம். இந்தப் பந்தல் வேலையில்தான் நான் பங்குக்காரி ஆனேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் செய்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன். கல்தூண் பந்தல் வைத்திருப்பவர்களுக்கும் புதிதாகப் போட நினைப்பவர்களுக்கும் ஏதாவது உதவும்.

டிசம்பர் 4, புதன்கிழமை நானும் கணவரும் வண்டியில் போனோம். பந்தல் பத்து சென்ட். 72 அடிக்கு 60 அடி, 12 அடிக்கு ஒரு தூண், மொத்தம் 42 கல்தூண்கள். ஆடிப்பட்டத்தில் போட்ட பந்தல் அவரை அதன் மேல் முழுக்கப் படர்ந்து, ஊதாப் பூ கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நின்றதை இரண்டு வாரத்துக்கு முன் பார்த்திருந்தேன். அன்று போய்ப் பார்த்தால் அந்தப் பூவெல்லாம் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. வடகிழக்கு மூலையில் தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நடுவில் கம்பிவலை தொட்டிலைப் போலத் தொங்கியது. ஐந்து தூண்கள் தரை மட்டத்தில் முறிந்து போயிருந்தன. பொங்கலுக்கு வரவேண்டிய அவரை அது. அக்கா ஒரு கொத்தை எடுத்துச் சேற்றைத் துடைத்து, திரும்பக் கொடி மேலேயே வைத்தார்.

ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்தது அக்காவின் அப்பா. எழுபதைத் தாண்டியவர், நாங்கள் எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறோம். ஓரத் தூண்களை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஸ்டே கம்பி இருக்கும். அதன் அடிநுனியை ஒரு கல்லில் சுற்றி மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். அந்தக் கற்கள் பதினொன்று வெளியே வந்து கிடந்தன. தாத்தா ஒன்றைக் காலால் புரட்டிக் காட்டினார். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். குழி ஒரு முழம்கூட இல்லை. "காத்து மேல பழி போடாதீங்கம்மா. கல்லு பிடிக்கல" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கொடி நிறைந்த பந்தல் பாய்மரத்தில் விரித்த பாய் மாதிரி. காற்று அதை மேலே தூக்கும், பக்கத்தில் தள்ளும், மழை நனைத்து எடையை ஏற்றும். இத்தனையையும் தாங்குவது நடுத் தூண்கள் இல்லை, ஓரத் தூண்களும் அவற்றின் ஸ்டே கம்பிகளும்தான். ஊறிப்போன செம்மண்ணில் மேலாகப் புதைத்த கல் பல் கழன்று வருவது போல வந்துவிடும். ஒன்று விட்டால் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போகும், அப்புறம் வரிசையாகச் சாயும். போதாததற்கு ஓரத் தூண்களை நேர்க்குத்தாக நட்டிருந்தார்கள். வெளிப்பக்கம் சாய்த்து நட்டிருந்தால் கம்பியின் இழுப்பை அவை எதிர்த்து நின்றிருக்கும். பந்தல் முழுவதும் ஒரே துண்டாக இருந்ததால் ஒரு மூலையின் சரிவு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போனது.

அடுத்த ஞாயிறு ஒரு பங்குக்காரர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். அக்காதான் முதலில் பேசினார். மீதி வாரங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்களில் ஒரு கல்லூரி மாணவி, தன் போனில் எடுத்து வைத்திருந்ததைப் படித்தார். ஜப்பானில் 'தெய்க்கெய்' என்ற பெயரில் 1970களிலேயே விவசாயிகளும் வீடுகளும் இப்படி நேராகச் சேர்ந்தார்களாம். 1978இல் அங்கே வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, விளைந்ததை எல்லாம் வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்வது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தொடங்கிய பங்குப் பண்ணைகளும் விளைச்சலைப் போலவே நட்டத்தையும் பகிர்வது என்ற பேச்சில்தான் நடந்தன. "விளைஞ்சதைப் பங்கு போட்டா, விளையாததையும் பங்கு போடணும்ல?" என்று அந்தப் பெண் கேட்டபோது, வங்கியில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் நோட்டை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு குடும்பங்கள் விலகின. ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்து கட்டில், பிரிட்ஜ் எல்லாம் போயிருந்தது. அவர்களுக்கு மீதிப் பணத்தை அன்றே கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அது சரியான முடிவுதான். மற்ற 32 குடும்பங்கள் ஆளுக்கு 550 ரூபாய் போட்டோம். ஆக 17,600 ரூபாய். பழைய தூண்கள் 37 தேறின. புதிதாக 11 தூண், ஒன்று 500 ரூபாய். திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள் இருப்பதால் தூரம் குறைவு, வண்டி வாடகை 1,500தான் ஆனது. கம்பிக்கு 5,900. கல் நடத் தெரிந்த இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி 4,000. மீதி கட்டுக்கம்பி, கயிறு, தேநீர்.

ஐந்து உடைந்திருக்க, 11 எதற்கு என்றால், தாத்தா பந்தலை இரண்டாக்கச் சொன்னார். கிழக்குக் கடைசியில் இன்னொரு வரிசையாக ஆறு தூண்களை நட்டு, நடுவில் ஒரு 12 அடிப் பட்டையைத் திறந்தே விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் 36க்கு 60 அடியில் இரண்டு தனித்தனிப் பந்தல்கள் கிடைக்கும். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். நடுப் பட்டையில் கீரை போடலாம், வண்டியும் போகும். இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்குத் தனியாகப் பங்குப் பை கொடுக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை, டிசம்பர் 14. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். பிரிக்கும் வேலை. ஒரு வாரம் முன்பே அண்ணன் கொடிகளை அடியில் அறுத்து விட்டிருந்தார். இலை வாடி உதிர்ந்தால் கம்பியை உருவுவது சுலபம். பச்சையாக இருக்கும்போது கை வைத்தால் கொடி கம்பியை விடவே விடாது. இங்கே ஒரு தப்பு நடந்தது. விறைப்பாக இழுபட்டு நின்ற ஓரக் கம்பியை ஒருவர் நடுவில் கத்தரித்துவிட்டார். அது சாட்டை போலச் சுழன்று பக்கத்தில் நின்றவரின் முன்கையைக் கிழித்தது. நல்லவேளை, கண்ணில் படவில்லை. வானூரில் இரண்டு தையல், ஒரு டி.டி. ஊசி. பந்தலைப் பிரிக்கிறவர்கள் முதலில் ஸ்டே கம்பிகளைத் தளர்த்துங்கள், அப்புறம் ஓரக் கம்பி, கடைசியில் வலைக் கம்பி. அதன் பிறகு நாங்கள் எல்லோரும் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டோம். பழைய வலைக் கம்பியை வண்டி டயரில் சுற்றிச் சுற்றி எடுத்ததில் பாதிக்கு மேல் மீண்டும் பயன்பட்டது.

அந்த வாரப் பையில் விழுந்த பப்பாளி மரத்தின் காய், ஒரு துண்டு வாழைத்தண்டு, ஒடிந்த முருங்கைக் கிளைகளிலிருந்து உருவிய கீரை. வேறொன்றும் இல்லை. பப்பாளிக்காயைக் கடலைப் பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன், பிள்ளைகள் சுரைக்காய் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமைகள் தூணும் புதைகல்லும். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூண் 9 அடி, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள், ஆறரை அடி மேலே. குழியில் தூணை இறக்கிச் சுற்றிலும் உடைகல்லும் செம்மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு அரை அடிக்கும் கடப்பாரையின் மொட்டை முனையால் குத்தி இறுக்கினோம். நடுத் தூண்களுக்குத் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தோம். ஓரத் தூண்களுக்கு உச்சி அரை அடி வெளியே சாயும்படி வைத்தோம். வரிசை பிசகாமல் இருக்க மேலேயும் கீழேயும் நூல் கட்டிக்கொண்டோம்.

புதைகல்தான் இந்த வேலையின் உயிர். ஒரு பந்தலுக்கு ஓரத் தூண் 16, மூலைத் தூணுக்கு மட்டும் இரண்டு ஸ்டே, ஆக 20. இரண்டு பந்தலுக்கு 40 குழிகள். தூணிலிருந்து நான்கடி தள்ளி, மூன்றடி ஆழம். குழியின் தூண் பக்கச் சுவரை மட்டும் செங்குத்தாக, இளகாமல் விட வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாக நின்றார். கம்பி இழுக்கும்போது கல் அந்தச் சுவரில் போய் முட்டும். அது நாம் நிரப்பிய மண்ணாக இருந்தால் நனைந்ததும் நெகிழும், தோண்டாத மண்ணாக இருந்தால் நிற்கும். முறிந்த ஐந்து தூண்களையும் இரண்டடித் துண்டுகளாக உடைத்து, கிடைத்த பலகைக் கற்களோடு சேர்த்துப் புதைகல்லாக்கினோம். குழியில் கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்து, 8 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை அதன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரில் கம்பி அளவுக்குச் சாய்வாக ஒரு கீறல் வெட்டி அதன் வழியாக மேலே கொண்டுவந்தோம். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதைப் புதிதாகக் கம்பி வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அந்த ஓரடிக்குத் தார் பூசி, பழைய சொட்டுநீர்க் குழாயை வெட்டி உறையாக மாட்டினோம்.

குழி வெட்டுவது சொல்வதுபோல் எளிதில்லை. மேலே ஓரடி வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், அதற்குக் கீழே கப்பிக்கல். ஒரு குழிக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தம்பி அன்று நான்கு குழி முடித்தார். அடுத்த வாரம் தன் அலுவலக நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார். அந்த மூவரும் இப்போது பங்குக்காரர்கள்.

நான்காம் சனிக்கிழமை, ஜனவரி 4. கம்பி இழுத்தல். முதலில் கடப்பாரையில் கம்பியைச் சுற்றி முறுக்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் விறைத்தால் மறுபக்கம் தொய்ந்தது. அண்ணன் ஊரில் போர்வெல் மோட்டார் தூக்கும் ஒருவரிடம் செயின் புல்லியை இரவல் வாங்கி வந்தார். அப்போதும் வரிசையாக ஒரு முனையிலிருந்து இறுக்கிக்கொண்டே போனதால் தூண்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. தாத்தா நிறுத்தச் சொன்னார். "கயித்துக் கட்டில் பின்னிப் பார்த்திருக்கீங்களா? ஒரே பக்கமா இழுத்தா கால் கோணிடும். மூலைக்கு மூலை மாத்தி இழுக்கணும்" என்றார். அப்படியே செய்தோம். நான்கு மூலை முதலில், பிறகு எதிரெதிர்ப் பக்கங்களின் நடுத் தூண்கள், பிறகு மீதி. ஒரே தடவையில் முழு விறைப்புக்குப் போகாமல் மூன்று சுற்றாக ஏற்றினோம். பெண்கள், பெரியவர்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்தபோது ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தாத்தா குறடால் கம்பியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மந்தமாக ஒலித்தால் தொய்வு. 'ணங்' என்றால் போதும், மேலே இழுக்காதே.

ஓரமும் ஸ்டேயும் 8 கேஜ், தூணுக்குத் தூண் குறுக்காக 10 கேஜ், அதன் மேல் வலைக்கு 14 கேஜும் பழைய கம்பியும். ஐந்தாம் சனிக்கிழமை வலையைப் பின்னி முடித்தோம். கம்பி முனைகளை எல்லாம் மேல்பக்கமாக மடக்கிவிட்டோம். கீழே நின்று காய் பறிக்கிறவர்களின் தலையில் கிழிக்காமல் இருக்க அதுதான் வழி.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் யார் வீட்டிலும் சொந்த அவரை இல்லை. பரங்கிக்காயும் கருணைக்கிழங்கும் பையில் வந்தன. மொச்சையைக் கடையில் வாங்கினேன்.

ஜனவரி 18 அன்று புடலை, பாகல், பீர்க்கன் விதைப்பு. இரண்டு பந்தலிலும் சேர்த்து எட்டடிக்கு ஆறரை அடி இடைவெளியில் 72 குழிகள். குடும்பத்துக்கு இரண்டு, மீதி எட்டு அடுத்த வருட விதைக்கு. ஒன்றரை அடிக் குழியில் மட்கிய தொழுவுரம், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. புடலை விதையின் ஓடு தடிப்பானது, இரவெல்லாம் ஊறப்போட்டுத்தான் விதைக்க வேண்டும். குழிக்கு ஐந்து விதை, பதினைந்து நாளில் திடமான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டோம். என் மகள் கிள்ளிய நாற்றுகளை வீட்டுக்குக் கொண்டு வந்து தொட்டியில் வைத்தாள், ஒன்று பிழைத்தது. சணல் கயிற்றில் கொடியை ஏற்றும்போது, பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வரவேண்டும். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் பழ ஈ வராமல் இருக்கக் கருவாட்டுத் தூளைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு அங்கங்கே தொங்கவிட்டோம்.

மார்ச் 22 அன்று முதல் பீர்க்கங்காய். ஏப்ரல் 12 அன்று புடலை. புடலைப் பூவை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதுதான் விரியும். வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, நெய்து முடிக்காத துணியின் தலைப்பு மாதிரி இருக்கும். பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே முழுக்க அந்த நூல்கள். பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் எலுமிச்சை அளவு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். அந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கல் கட்ட விட்டுப்போன காய்கள் வளையம் வளையமாக வந்தன. அவையும் பையில்தான் வந்தன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாலை திடீரென்று கோடைமழையோடு சூறைக்காற்று. பண்ணையில் இரண்டு வாழை முறிந்தன, மாட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்தது. பந்தலில் புடலை முழுச் சுமையில் இருந்தது. அக்கா இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். ஈரக் கொடி ஆடிக்கொண்டிருந்தது, தூண்கள் அப்படியே நின்றன. அடுத்த சனிக்கிழமை போய் 40 ஸ்டேயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தாத்தா குறடோடு முன்னால் நடந்தார். மேற்குப் பந்தலின் தென்மேற்கு மூலையில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. புதைகல் இரண்டு விரல் நகர்ந்திருக்கும் என்றார். அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். அடுத்த வாரத்துக்குச் செயின் புல்லியை மறுபடி இரவல் கேட்டாகிவிட்டது. ஆடியில் அவரை போடுவதற்குள் அந்தக் குழியைத் தோண்டி, பெரிய கல்லாக மாற்றிவிட வேண்டும்.